வரைபடத்தில் கோபே மட்டும் காலியாக இருந்தது

1995 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, விடியாத காலை 5:46. நிலம் குலுங்கி அடங்கிய சில நிமிடங்களில் ஜப்பான் தொலைக்காட்சியில் வழக்கம்போல அதிர்வு வரைபடம் வந்தது. கியோட்டோவில் 5, ஹிகோனேயில் 5, தோயோஓகாவில் 5. ரிக்டர் எண் இல்லை இது. அந்தந்த ஊரில் தரை எவ்வளவு ஆடியது என்று ஜப்பான்காரர்கள் சொல்லும் தனி அளவு. அந்த வரைபடத்தில் கோபேக்கு மட்டும் எண்ணே இல்லை. தகவல் அனுப்பும் கம்பி அறுந்துவிட்டது. கோபேயில் 6 என்ற செய்தி பிறகுதான் வந்து சேர்ந்தது. அதுவரை படத்தைப் பார்த்தவர்களுக்குக் கியோட்டோ பக்கம்தான் பலமாக அடித்திருக்கிறது என்றே தோன்றியிருக்கும்.

கோபேயின் மருத்துவ நிவாரணம் எங்கே கோட்டைவிட்டது என்பதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தக் காலி இடம் ஒன்றே போதும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அன்று முழுக்க மருத்துவமனைகளிலும் அதுதான் நடந்தது: அதிகம் அடிபட்ட இடம் எதுவோ அதுதான் பேசாமல் கிடந்தது, பேசாத இடத்தில் பிரச்சினை இல்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். கோபே சுமார் 15 லட்சம் பேர் வாழ்ந்த துறைமுக நகரம். நிலநடுக்கத்தின் மையம் பக்கத்திலிருக்கும் அவாஜித் தீவின் வட முனை, ஆழம் 16 கிலோமீட்டர். பலமான ஆட்டம் 20 வினாடிதான். அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முழுசாக இடிந்தன. பெரும்பாலும் கனமான ஓட்டுக்கூரை போட்ட பழைய மர வீடுகள். மாடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட, கீழ்த்தளத்தில் படுத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இறுதிக் கணக்கில் 6,434 பேர் சாவு, 43,792 பேருக்குக் காயம். இறந்தவர்களில் ஏறக்குறைய 900 பேர் நிலநடுக்கத்தில் சாகவில்லை, அதற்கப்புறம் முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் செத்தார்கள். அவர்களைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

இடிபாட்டில் சிக்கியவர்கள் சுமார் 35,000 பேர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அதில் 27,000 பேரை வெளியே இழுத்தது தீயணைப்புப் படையோ ராணுவமோ அல்ல, வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். இது நல்ல செய்திபோலத் தெரியும், நல்ல செய்திதான். ஆனால் ஒரு மருத்துவமனையின் வாசலில் நின்று பார்த்தால் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் உங்களை எங்கே தூக்கிக்கொண்டு போவார்? தெரிந்த, பக்கத்திலிருக்கும் மருத்துவமனைக்குத்தான். அங்கே படுக்கை இருக்கிறதா, அறுவை சிகிச்சை நடக்குமா, கரண்ட் இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்.

வாசலில் நடந்தது

கழற்றிய கதவுப் பலகையில், தத்தாமிப் பாயில், கார் டிக்கியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் குறைவு, ஆகவே வருகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. இரவுப் பணியில் இருந்ததோ ஒன்றிரண்டு மருத்துவர்கள், சில செவிலியர்கள். முந்தைய நாள் வேறு அரசு விடுமுறை. பக்கத்தில் வீடு இருந்த ஊழியர்கள் நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். அவர்களில் பலருடைய வீடும் இடிந்திருந்தது.

அவாஜித் தீவில் ஒரு மருத்துவமனையின் அந்தக் காலைப் பொழுது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. ஜப்பானில் பேரிடர் மருத்துவம் படிப்பவர்களுக்கு அதைக் காட்டுவார்கள். இதயம் நின்றுபோன ஒருவரின் மார்பை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள், சுற்றிச் சொந்தக்காரர்கள். மூத்த மருத்துவர் ஒருவர் போதும், நிறுத்துங்கள், அடுத்தவரைப் பாருங்கள் என்கிறார். சாதாரண நாளில் அதே ஆளுக்கு ஐந்து பேர் சுற்றி நின்று அரைமணி நேரம் போராடியிருப்பார்கள். அன்று அவருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் வாசலில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து எடுக்கப்படும் நிமிடம். இந்தக் கணக்கை வகுப்பறையில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அப்பா முன்னால் அதை வாய்விட்டுச் சொல்வது வேறு விஷயம். தீவில் அதைச் சொல்ல ஒருவர் இருந்தார். கோபே நகருக்குள் பல இடங்களில் அப்படிச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் தரப்பட்டிருக்கவில்லை. யார் முதலில் கத்தினாரோ, யாரைச் சொந்தக்காரர்கள் அதிகம் பேர் தூக்கி வந்தார்களோ அவருக்கு முதல் கவனிப்பு.

கட்டடங்களும் கைவிட்டன. நாகாடா வட்டாரத்திலிருந்த நகராட்சி மருத்துவமனையின் ஐந்தாவது மாடி அப்படியே நசுங்கி, நோயாளிகளும் செவிலியர்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அதைவிட எனக்கு வேதனையாகப் படுவது போர்ட் ஐலண்டில் இருந்த பெரிய நகராட்சி மருத்துவமனையின் கதை. கடலை மேடாக்கிக் கட்டிய செயற்கைத் தீவு அது. நகரத்தின் மிக நவீனமான அவசரப் பிரிவு அங்கேதான் இருந்தது. நிலநடுக்கத்தில் தீவின் மண் சேறாகக் கொப்பளித்தது, நகரத்தோடு இணைக்கும் பாலம் சேதமானது, மருத்துவமனையின் தண்ணீர்த் தொட்டி உடைந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் நகரம் எரிந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் அத்தனை வசதியும் வைத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்த காயக்காரர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதே நேரத்தில் நகருக்குள் விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களை வைத்துக்கொண்டு தனியார் சிறு மருத்துவமனைகள் நூற்றுக்கணக்கில் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. தங்களைவிடப் பல மடங்கு டாக்டர்கள் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குத் தங்களைவிடக் குறைவான கூட்டம் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பெரிய மருத்துவமனைக்கும் தெரியாது. தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை, கிடைத்தாலும் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல் எவரிடமும் இல்லை.

முப்பது கிலோமீட்டர்

ஒசாகா அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ரயிலில் அரைமணி நேரம். ஜப்பானின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று, பல்கலைக்கழக மருத்துவமனைகள், உயர் சிகிச்சை மையங்கள் எல்லாம் உள்ள ஊர், கரண்டும் தண்ணீரும் இருந்தன, படுக்கைகளும் இருந்தன. அங்கே பல அவசரப் பிரிவுகளில் மருத்துவர்கள் தயாராகி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டிகள் வரவில்லை.

ஹெலிகாப்டரில் முதல் நாள் வெளியே கொண்டுபோகப்பட்ட நோயாளி எத்தனை பேர் தெரியுமா? ஒருவர். இயந்திரம் இல்லாமல் இல்லை. தீயணைப்புத் துறையிடமும் ராணுவத்திடமும் இருந்தன, செய்தி நிறுவனங்களின் ஹெலிகாப்டர்கள் நாள் முழுக்கத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தன. ஆனால் நோயாளியை அனுப்ப வேண்டும் என்று எந்த மருத்துவமனை யாரிடம் கேட்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும், அந்தப் பக்கம் யார் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு வழிமுறையே இல்லை. இறங்க வசதியான பள்ளி மைதானங்களில் மக்கள் போர்வையோடு உட்கார்ந்துவிட்டார்கள். தரை வழியோ, விரைவுச்சாலை சாய்ந்து விழுந்துகிடக்க, மிச்சமிருந்த சாலைகளில் தப்பிப் போகிறவர்களும் சொந்தக்காரர்களைத் தேடி வருகிறவர்களும் நெரிசலாகி ஆம்புலன்ஸ் பல மணி நேரம் ஊர்ந்தது.

சரி, அப்படியென்றால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்க முடியும்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கோபத்தில் எல்லாச் சாவையும் நிர்வாகத்தின் தலையில் கட்டிவிடுவது சுலபம். உடல்களைப் பரிசோதித்த தடயவியல் மருத்துவர்கள் சொன்னது, இறந்தவர்களில் பெரும்பாலானோர் ஆட்டம் நின்ற சில நிமிடங்களுக்குள்ளேயே மார்பு நசுங்கி மூச்சுத் திணறிப் போய்விட்டார்கள் என்பது. அவர்களை எந்த மருத்துவக் குழுவும் காப்பாற்றியிருக்காது. பலமான வீடு காப்பாற்றியிருக்கும். சாதாரண நாளின் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று பின்னாளில் மருத்துவர்கள் கணித்தது சுமார் 500 பேரை. மொத்தத்தில் இது சிறு பங்கு. ஆனால் மருத்துவ நிவாரணம் என்பதே இந்த 500 பேருக்காகத்தான், மற்றதற்கு அது பதில் இல்லை.

சிரித்துக்கொண்டே செத்தவர்கள்

அந்த 500 பேரில் ஒரு வகையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒருவர் கால்மேல் உத்தரம் விழுந்து ஐந்தாறு மணி நேரம் கிடக்கிறார். தெருக்காரர்கள் கார் ஜாக்கி வைத்துத் தூக்கி வெளியே எடுக்கிறார்கள். நினைவு இருக்கிறது, நன்றி சொல்கிறார், தண்ணீர் கேட்கிறார். ரத்தம் அதிகம் போகவில்லை, எலும்பும் உடைந்ததாகத் தெரியவில்லை, கால் மட்டும் மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார், கொஞ்சம் வீக்கம். கூட்டம் நெரியும் அவசரப் பிரிவில் இவரை எங்கே உட்கார வைப்பீர்கள்? ஓரமாகத்தான். அதுவரை நசுங்கிக் கிடந்த தசை செத்துக்கொண்டிருந்தது. பாரம் எடுத்ததும் ரத்த ஓட்டம் திரும்பி, செத்த தசையிலிருந்த பொட்டாசியத்தையும் தசைப் புரதத்தையும் உடம்பு முழுக்கக் கொண்டுபோகிறது. பொட்டாசியம் ஏறினால் இதயம் முன்னறிவிப்பில்லாமல் நின்றுவிடும். இதயம் தாக்குப்பிடித்தால் அடுத்து சிறுநீரகம்: சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வரும், பிறகு வராமலே போகும். கிரஷ் சிண்ட்ரோம் என்று பெயர். 1941இல், லண்டன் குண்டுவீச்சில் சிக்கியவர்களைப் பார்த்த பைவாட்டர்ஸும் பீலும் இதைத் தெளிவாக விவரித்துவிட்டார்கள். ஆனால் சமாதான காலத்து நகர மருத்துவர் ஒருவர் வாழ்நாளில் இப்படி ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கோபேயில் பலர் அந்தக் காப்பி நிறத்தைப் பார்த்துத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள்.

முதல் 15 நாட்களில் 95 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 6,107 பேரின் கோப்புகளைப் பின்னர் ஓர் ஆய்வுக்குழு உட்கார்ந்து படித்தது. காயக்காரர்கள் 2,718 பேர். அதில் கிரஷ் சிண்ட்ரோம் 372 பேருக்கு, அவர்களில் 50 பேர் இறந்தார்கள். சேர்க்கப்பட்டவர்களின் கணக்கு இது. ஓரமாக உட்கார்ந்திருந்தே போனவர்கள் இதில் எவ்வளவு வந்திருப்பார்கள் என்பது வேறு.

இதற்குச் சிகிச்சை பெரிய வித்தை இல்லை. முடிந்தால் பாரத்தை எடுக்கும் முன்பே கையில் ஊசி குத்திச் சலைன் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், லிட்டர் கணக்கில். பிறகு டயாலிசிஸ். டயாலிசிஸுக்கு என்ன வேண்டும்? இயந்திரம், கரண்ட், அப்புறம் தண்ணீர். ஒருவருக்கு ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர். கோபேயில் குழாய்கள் அறுந்துவிட்டன, சில பகுதிகளுக்குத் தண்ணீர் திரும்ப மாதங்கள் ஆனது. ஜெனரேட்டர் இருந்த மருத்துவமனைகளில் பலவற்றில் அது ஓடிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, காரணம் அதைக் குளிர்விக்கவும் குழாய்த் தண்ணீரைத்தான் நம்பியிருந்தார்கள். டீசல் இருக்கிறதா என்று மாதாமாதம் பார்த்திருப்பார்கள். தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த மருத்துவமனையிலும் இன்றைக்கே போய்க் கேட்கலாம், அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறவர் பராமரிப்புப் பிரிவில் ஒருவராவது இருந்தால் ஆச்சரியப்படுவேன்.

ஆக, கிரஷ் நோயாளி என்று தெரிந்த நிமிடமே அவரை ஊரைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும். அங்கேதான் அந்த முப்பது கிலோமீட்டர் குறுக்கே வந்தது.

வந்து சேர்ந்தவர்கள்

வெளியூர் மருத்துவக் குழுக்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது. நாடெங்கிலுமிருந்து வந்தார்கள். சிக்கல் என்னவென்றால் அவர்கள் பெருந்திரளாக வந்து இறங்கியபோது காயங்களின் அலை கடந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள், நான்காம் நாள் அறுவைக் கத்தியோடு வந்தவருக்குக் கிடைத்தது இருமல், வயிற்றுப்போக்கு, தீர்ந்துபோன ரத்த அழுத்த மாத்திரை. அந்த 6,107 பேரில் 3,389 பேர், பாதிக்கும் மேல், காயத்துக்காக அல்ல, நோய்க்காகச் சேர்க்கப்பட்டவர்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஜனவரிக் குளிரில், சூடேற்றாத பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கிப் படுத்திருந்தார்கள். வயதானவர்கள் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். நிமோனியா, மாரடைப்பு. அந்த 900 சாவுகள் இங்கிருந்து வந்தவைதான். மனநலம் வேறு பெரிய கதை. கோபே பல்கலைக்கழகத்தின் மனநலத் துறைப் பேராசிரியர் நகாய் ஹிசாவோ தலைமையில் நடந்த வேலையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

மருந்தும் குவிந்தது. ஊருக்கு ஊர் அள்ளிக் கட்டி அனுப்பிய பெட்டிகள். பிரித்து அடுக்குவதற்கே மருந்தாளுநர்கள் தேவைப்பட்டார்கள். நல்ல மனசோடு அனுப்பியது என்பதால் யாரும் வாய்திறந்து குறை சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்: கேட்காமல் அனுப்பும் மருந்துப்பெட்டி அதைப் பிரிக்க உட்காரும் ஆளின் நேரத்தைத் தின்கிறது.

பிறகு மாறியது

ஜப்பான் இதிலிருந்து கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் கூடுதல் படுக்கை கட்டுவோம் என்று அவர்கள் முதலில் போகவில்லை. 1996இல் பேரிடர் ஆதார மருத்துவமனைகளை அறிவித்தார்கள், தண்ணீரும் கரண்டும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும், ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகளோடு. நோயாளியின் கையில் கட்டும் வண்ணச் சீட்டை நாடு முழுக்க ஒரே மாதிரியாக்கினார்கள்: இறந்தவருக்கும் காப்பாற்ற முடியாதவருக்கும் கறுப்பு, உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, கொஞ்சம் காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள், லேசான காயத்துக்குப் பச்சை. மருத்துவமனைகள் தங்கள் நிலையைப் பதியும் தகவல் வலை வந்தது. 2005இல் டி-மேட் என்ற பேரிடர் மருத்துவ உதவிக் குழுக்கள் தேசிய அளவில் தொடங்கப்பட்டன. முதல் 48 மணி நேரத்துக்குள் களத்தில் வேலை செய்யக்கூடிய, பயிற்சி பெற்ற சிறு குழு. மருத்துவர், செவிலியர்கள், அவர்களோடு நோயாளியையே தொடாத ஓர் ஆள். அந்தக் கடைசி ஆள் வண்டி, சாப்பாடு, தொலைத்தொடர்பு, பதிவேடு பார்ப்பவர். கோபேயைப் படித்தவர்கள் மட்டும்தான் அப்படி ஒருவருக்கு வண்டியில் இடம் ஒதுக்குவார்கள்.

அதே 2005 ஏப்ரல் 25இல், கோபேக்குப் பக்கத்திலேயே அமாகாசாகியில் ரயில் தடம் புரண்டு குடியிருப்புக் கட்டடத்தில் மோதி 107 பேர் இறந்தார்கள். அங்கே களத்திலேயே சீட்டுக் கட்டினார்கள், காயக்காரர்களைப் பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கோபேயில் நடக்காதது நடந்தது. கறுப்புச் சீட்டுக் கட்டப்பட்டவர்களின் குடும்பங்கள் மட்டும் பின்னால் கேட்டார்கள்: யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, அப்போது உயிர் இருந்ததா. சீட்டில் எழுத இடம் இருந்தது, எழுத நேரம் இருக்கவில்லை.

2011 மார்ச் 11இல் வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது சுமார் 340 டி-மேட் குழுக்கள், ஏறக்குறைய 1,500 பேர், புறப்பட்டுப் போனார்கள். கோபேயின் பாடத்தை அப்படியே நெட்டுருப் போட்டுக்கொண்டு. ஆனால் சுனாமி நசுக்குவதில்லை, மூழ்கடிக்கிறது. நசுங்கிக் காயப்பட்டவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. செத்தவர்களும், நனைந்து நடுங்கி உயிரோடிருந்தவர்களும்தான். 48 மணி நேரம் என்று கட்டிவந்த மூட்டை சீக்கிரம் தீர்ந்தது, தேவையோ மாதக்கணக்கில் நீண்டது. ஃபுகுஷிமாவில் அணு உலைக்கு அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றிலிருந்து அவசரமாக வெளியேற்றப்பட்ட முதிய நோயாளிகள் பலர் பயணத்திலும் அதன் பின்னும் இறந்தார்கள். இடம் மாற்றுவதே சிகிச்சை என்பது கோபேயில் உண்மை, இங்கே அதுவே ஆளைக் கொன்றது.

தகவல் வலையும் அன்று திணறியது, கரண்டும் தொலைபேசியும் போன மருத்துவமனை எதில் பதியும்? ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. திரையில் எதுவும் பதியாத மருத்துவமனையைப் பற்றி டி-மேட்டில் சொல்லிக்கொடுப்பது, அது பிரச்சினை இல்லாத இடம் என்று எண்ணாதே, முதலில் அங்கே ஆளை அனுப்பு என்பது.

சுனாமி தாக்கிய இஷினோமாக்கி நகரில் அந்த வட்டாரத்துக்கே செஞ்சிலுவை மருத்துவமனை ஒன்றுதான் பெரிய அளவில் இயங்கியது. அங்கே நிவாரணத்தை ஒருங்கிணைத்த அறுவை மருத்துவர் இஷீ தடாஷிக்கு முன்னால் சுமார் 300 முகாம்கள், எதில் என்ன நிலவரம் என்று எந்த அலுவலகத்திடமும் பட்டியல் இல்லை. வந்து குவிந்த குழுக்களை வைத்து அவர் முதலில் செய்தது எல்லா முகாம்களுக்கும் ஆள் அனுப்பியதுதான், ஆளுக்கொரு தாளோடு. தாளில் இருந்த கேள்விகளில் மருத்துவம் பாதிகூட இல்லை. எத்தனை பேர் இருக்கிறீர்கள், தண்ணீர் வருகிறதா, சாப்பாடு போதுமா, கழிப்பறை எப்படி இருக்கிறது, யாருக்காவது காய்ச்சலா, வயிற்றுப்போக்கா. மறுபடியும் போய், மறுபடியும் அதையே கேட்டார்கள்.